நிறைந்த மேஜையின் கடைசி நாற்காலி

எனக்குக் கூட்டம் ஆகாது. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் ஊர் இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ சாலையில் கால் வைத்தால் பத்து நிமிஷத்தில் மூக்கின்மேல் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். புடவைக் கடையில் பில் போட வரிசை நீளமாக இருந்தால், எடுத்த புடவையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். வெறும் சிடுமூஞ்சித்தனம் என்பார் என் கணவர். இருக்கலாம். ஆனால் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேஜையில் கூட்டத்தைக் கண்டால் எனக்கு வருவது கோபம் இல்லை, பயம். அதற்குக் காரணமும் இருக்கிறது.

நான் சீட்டு எண்ணுகிறவள். நியூ ஜெர்சியில், எடிசனில் எங்கள் டவுன்ஹவுஸிலிருந்து பார்க்வே நெடுஞ்சாலையைப் பிடித்தால் சூதாட்ட விடுதிகள் நிறைந்த அட்லாண்டிக் சிட்டிக்கு நேராகப் போய் இறங்கிவிடலாம். மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. தேடித் தேடிப் பழகிப்போன மூளைக்கு லீவு நாளிலும் ஏதாவது தீனி வேண்டியிருந்தது. மற்றவர்கள் சுடோகு போட்டார்கள், நான் இதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்குத் தெரியும். ஒரு தடவை என்னோடு வந்தார், கொட்டாவி விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அதோடு சரி.

விஷயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆட்டம் சீட்டுப் போடுகிற டீலரோடுதான்: இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குக் கிட்டே யார் போகிறார்களோ அவர்களுக்கு ஜெயம், தாண்டினால் தோல்வி. மேஜையில் சின்னச் சீட்டு விழுந்தால் மனசுக்குள் ஒன்று கூட்ட வேண்டும். பத்தோ, ராஜா ராணியோ, ஏஸோ விழுந்தால் ஒன்று கழிக்க வேண்டும். கூட்டல் ஏறிக்கொண்டே போனால் சின்னதெல்லாம் வெளியே வந்துவிட்டது, பெரியதெல்லாம் இன்னும் டீலரின் சீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது பந்தயத்தை ஏற்ற வேண்டும், இறங்கும்போது குறைக்க வேண்டும். இது திருட்டு இல்லை. இந்த மாநிலத்தில் எண்ணுகிறவர்களை வெளியே போ என்று சொல்லவும் முடியாது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் சூப்பர்வைசர் டீலருக்குக் கண்ணைக் காட்டுவார், டீலர் இருக்கிற சீட்டையெல்லாம் வாரிக் கலைத்துவிடுவார். அதுவரை எண்ணியது அத்தனையும் தண்ணீரில் கரைத்த உப்புதான்.

நடுவில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த காலத்தில் வார நாட்களில் காலையிலேயே போய்விடுவேன். மேஜையில் நானும் டீலரும் மட்டும். எண்ணிக்கை ஏறினால் மிச்சம் இருக்கிற நல்ல சீட்டெல்லாம் எங்கள் இருவருக்குள்தான். அவசரமே கிடையாது. பந்தயத்தை ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், யார் கண்ணையும் உறுத்தாது. மறுபடி வேலை கிடைத்தது. அதோடு என் காலைகள் போயின, சனிக்கிழமைகள் மட்டும்தான் மிஞ்சின.

சனிக்கிழமை என்றால் மேஜைக்கு ஏழு பேர். ஒரே சுற்றில் பெட்டியிலிருந்து இருபது சீட்டுக்கு மேல் உருவிக்கொண்டு போய்விடுவார்கள். டீலர் பெட்டிக்குள் மஞ்சள் அட்டை ஒன்றைச் செருகி வைத்திருப்பார். அது வெளியே வந்தால் அந்தச் சுற்றோடு ஆட்டம் முடிந்தது, கலைக்க வேண்டியதுதான். கூட்டமான மேஜையில் எண்ணிக்கை உச்சிக்குப் போகிற நேரத்தில் அந்த அட்டையும் எட்டிப் பார்க்கும். நல்ல நேரம் என்பது ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. படிப்படியாக ஏற்ற அவகாசமே இல்லை, முதல் படியிலிருந்து ஒரே தாவலாக மாடிக்குத் தாவ வேண்டும். தாவினால் சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பார். தாவாவிட்டால் கார் ஓட்டி வந்த செலவுகூடத் தேறாது. ஒரு மணி நேரம் முழுக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு நிமிஷத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். என் பயம் அதுதான்.

கூட்டத்தில் ஒரே ஒரு லாபம் உண்டு. அது கடைசி நாற்காலி. மேஜையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தால், மற்ற ஆறு பேருடைய சீட்டையும் பார்த்த பிறகுதான் என் முறை வரும். ஆகவே நிறைந்த மேஜையில் நான் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்கள் குடியிருப்பில் எனக்குக் கைராசிக்காரி என்று ஒரு பெயர் உண்டு. காரணம் சீட்டு இல்லை, கறிவேப்பிலை. நியூ ஜெர்சி குளிரில் எல்லார் வீட்டுக் கறிவேப்பிலையும் ஜனவரியில் குச்சியாகிவிடும். நான் கன்று கொடுத்த வீடுகளில் மட்டும் செடி பிழைத்தது. கன்று கொடுக்கும்போதே அதற்கு மேலே தொங்கவிட ஒரு விளக்கும் வாங்கச் சொல்வேன், அந்த விளக்கின் வேலைதான் அது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? புது வீட்டில் பால் காய்ச்ச என்னைக் கூப்பிட்டார்கள். டிரைவிங் டெஸ்டுக்குப் போகிற பெண் என் கையால் சாவி வாங்கிக்கொண்டு போனாள். நான் அட்லாண்டிக் சிட்டி போய்வருவதும் மெல்லக் கசிந்தபோது, "அவ கைக்கு அங்கயும் ராசிதான்" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும். மண்டையை உடைத்துக்கொண்டு எண்ணுகிறேன், பெயர் மட்டும் கைக்குப் போகிறது.

இதை எல்லாரையும்விட உறுதியாக நம்பியவர் எதிர் வீட்டு அக்கா. திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கணவருக்கு டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் ப்ராஜெக்ட், மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். மகன் கலிபோர்னியாவில், டப்ளின் என்கிற ஊரில். வீட்டில் அக்காவும் ஒரு கறிவேப்பிலைச் செடியும்.

அந்த வருஷம் அக்காவுக்கு இடது காதில் இரைச்சல் வந்தது. குக்கர் விசில் மாதிரி நிற்காமல் கேட்கிறது என்றார். பிறகு அந்தக் காது மந்தமானது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த ஸ்கேனில் அது வளர்ந்திருந்தது. டாக்டர் இப்போதே எடுத்துவிடுவது நல்லது என்றார். அந்தக் காது எப்படியும் போய்விடும். ஆனால் முகத்துக்குப் போகிற நரம்பும் அதை ஒட்டியே ஓடுகிறது. அதற்கு ஒன்றும் ஆகாது என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. முடிவைத் திங்கட்கிழமை சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்.

அக்காவுக்குக் காது போவதில் பயமில்லை, முகத்தில்தான் பயம். ஊரில் அவருடைய சித்தி ஒருத்திக்கு ஒரு பக்கம் வாய் கோணிப்போய், கடைசிவரை முந்தானையால் மூடிக்கொண்டுதான் பேசுவாளாம். கணவரைக் கேட்டால் போனில், "உன் இஷ்டம்மா, நீ என்ன டிசைட் பண்ணாலும் எனக்கு ஓகே" என்றார். அதைச் சொல்லும்போது அக்கா என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். "இஷ்டமாம். என்ன, ஹோட்டல்ல மெனு கார்டா குடுத்திருக்காங்க?" என்றார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரில் இப்படி முடிவெடுக்க முடியாத விஷயங்களுக்கு அவர்கள் வீட்டில் பூ கட்டிப் பார்ப்பார்களாம். சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில். அம்மன் முன்னால் போட்டு, சின்னக் குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பூ என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. அக்காவின் கல்யாணம் அப்படித்தான் முடிவானது. "அமெரிக்காவுக்கே பூ கேட்டுத்தான் வந்தேன்" என்பார். இங்கே கோயிலில் போய்க் கேட்டிருக்கிறார். அர்ச்சகர் தன்மையாக, "இங்க அது வழக்கம் இல்லம்மா. டாக்டர் சொல்றதைக் கேளுங்கோ, அம்பாள் பாத்துப்பா" என்று குங்குமம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையும் சேர்த்து லாங் வீக்கெண்ட். அட்லாண்டிக் சிட்டி பிதுங்கி வழியும் என்று தெரிந்து நான் போகாமல் இருந்திருப்பேன். அக்காதான் சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டினார். "என்னையும் கூட்டிட்டுப் போ. வீட்ல இருந்தா பைத்தியம் பிடிச்சிரும்." திங்கட்கிழமைக்கு இடையில் இரண்டு நாள் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி மறுப்பது?

காரில் போகும்போது நான் பேசியதில் பாதி அவருக்குக் கேட்கவில்லை. ஓட்டுகிறவள் இடது பக்கம், பக்கத்து சீட்டு வலது பக்கம். என் பக்கம் இருந்தது அவருடைய கெட்ட காது. ஒவ்வொரு தடவையும் "என்ன?" என்று முகத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அவர் கையிலிருந்த டிஷ்யூ பேப்பரைத் துகள் துகளாகக் கிழித்து மடியில் குவித்துக்கொண்டே வந்தார்.

நான் பயந்தபடியே எல்லா மேஜையும் நிரம்பியிருந்தது. ஒரு மேஜையில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியானது, இடது ஓரத்தில். நான் பழக்கப்படி கடைசியில் போய் உட்கார்ந்தேன். அக்கா எனக்கு வலது பக்கம். மற்ற ஐந்து இடத்திலும் கல்யாண மாப்பிள்ளையும் அவன் நண்பர்களும். எல்லாரும் ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி கூச்சல். அக்காவுக்கு ஆட்டம் தெரியாது. சின்ன பந்தயம் ஒன்றை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். இன்னொரு சீட்டு வாங்க வேண்டுமானால் நான் முழங்காலால் லேசாக இடிப்பேன், வேண்டாம் என்றால் சும்மா இருப்பேன். காதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

ஒரு பெட்டி போனது. இரண்டாவது பெட்டியும் போனது. எண்ணிக்கை ஏறவே இல்லை. பையன்களில் ஒருவன் நடுவில் எழுந்து போவான், திரும்பி வருவான், ஒருவன் தோளைத் தட்டுவான், ஒருவன் பானத்தைக் கவிழ்ப்பான். அந்தச் சத்தத்துக்குள் கூட்டியதைத் தொலைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குள் எனக்கு நெற்றிப் பொட்டு தெறித்தது. சூப்பர்வைசர் எங்கள் மேஜைக்கும் பின்மேஜைக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு நடுத்தர வயது இந்தியப் பெண்களை அவர் பொருட்படுத்தவில்லை. எனக்கு அது எப்போதும் வசதி.

மூன்றாவது பெட்டியின் பின்பாதியில் ஒரு சுற்றில் சின்னச் சீட்டாகக் கொட்டியது. மூன்று, ஐந்து, நான்கு, ஆறு, மறுபடி ஐந்து. பையன்கள் தலையில் கை வைத்தார்கள். நான் கூட்டிக்கொண்டே போனேன். அடுத்த சுற்றிலும் அதே கதை. சீட்டெல்லாம் வாரியபோது நான் அந்த வருஷத்தில் பார்த்தவற்றிலேயே உயரமான எண்ணிக்கை மனசுக்குள் இருந்தது. பெட்டியின் வாயில் மஞ்சள் அட்டையின் ஓரம் தெரிந்தது. இந்த ஒரு சுற்று மட்டும்தான். தனி மேஜையாக இருந்தால் இதை வைத்து நாலைந்து கை நிதானமாக ஆடியிருப்பேன். இங்கே ஒன்று.

நான் பந்தயக் காசான சிப்புகளை அடுக்கிக் கையில் எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். 

"பெருசா வைக்கப் போறியா?"

தலையாட்டினேன்.

"உங்கிட்ட சொல்லல. காலையிலேயே வேண்டிக்கிட்டேன். நீ இன்னிக்கு எந்தக் கையில பெருசா வைக்கிறியோ, அதுதான் எனக்குப் பூ. ஜெயிச்சா சர்ஜரி பண்ணிக்கிறேன். தோத்தா வேண்டாம். மண்டே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுவேன்."

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். இதற்காகவா கூட வந்தீர்கள் என்று கத்தத் தோன்றியது. அடுத்த நொடியே பயம். அக்காவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எண்ணிக்கை எவ்வளவு உயரமாக இருந்தாலும், ஒரு கை என்று எடுத்துக்கொண்டால் ஜெயிப்பதைவிடத் தோற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எண்ணுகிறவளுக்கு லாபம் வருவது வேறு வழியில். ஏஸும் ராஜாவும் சேர்ந்து வந்தால் ஒன்றரை மடங்கு கிடைக்கும், சரியான இடத்தில் பந்தயத்தை இரட்டிக்கலாம். அப்படி எப்போதாவது வருவது, அடிக்கடி தோற்பதை ஈடுகட்டிக் கொஞ்சம் மிச்சமும் வைக்கும். மாதக் கணக்கில் உட்கார்ந்தால்தான் அந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியும். ஒரு கையை மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் "தோல்வி" என்றுதான் சொல்லும். பூப் பொட்டலத்திலாவது பாதிக்குப் பாதி. அக்கா அதைவிட மோசமான இடத்தில் வந்து கேள்வி கேட்கிறார். அந்தக் கட்டி வெளியே வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அதை வேண்டாம் என்று சொல்லப் போவது என் கையாக இருக்கும்.

"பெட்ஸ், லேடீஸ்?" என்று பந்தயத்தைக் கேட்டாள் டீலர்.

பையன்கள் எல்லாரும் வைத்துவிட்டார்கள். மறுகோடியிலிருந்து ஒருத்தன் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தான். அக்கா தன் சிப்புகள் அத்தனையையும் நகர்த்தி வைக்கத் தயாராக, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரின் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. இந்த எண்ணிக்கைக்குப் பெரிதாக வைக்காமல் இருப்பது, இத்தனை நாள் படித்ததையெல்லாம் குப்பையில் போடுவது மாதிரி. என் உடம்பு முழுக்க வை, வை என்றது.

கையிலிருந்த அடுக்கைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றிலும் சின்ன சிப் ஒன்றை வட்டத்துக்குள் தள்ளினேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் சின்னதாக ஒன்றை வைத்தார். சீட்டு விழ ஆரம்பித்தது. ராணி, பத்து, ராஜா, ஏஸ். பெரிய சீட்டாகக் கொட்டியது. எனக்கு ராஜாவும் ஒன்பதும். டீலர் தன் மூடிய சீட்டைப் புரட்டினாள். கூட்டினால் பதினாறு. கட்டாயம் இன்னொன்று எடுத்தாக வேண்டும். பத்துக்குச் சமமான ஜாக் ஒன்று வந்து, இருபத்தொன்றைத் தாண்டி அவள் கை உடைந்தது. மேஜை முழுக்க ஜெயித்தது. பையன்கள் எழுந்து நின்று கத்தினார்கள், மாப்பிள்ளையைத் தூக்கப் போனார்கள். மஞ்சள் அட்டையும் வெளியே வந்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் மட்டும் ஒற்றை சிப் பக்கத்தில் ஒற்றை சிப்.

"ஜெயிச்சிருச்சு" என்றார் அக்கா.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தலையை ஆட்டிவிட்டார். "இல்ல. நீ பெருசா வைக்கல. இது சேத்தி இல்ல. பொட்டலத்தைப் பிரிச்சப்புறம் கேள்வியை மாத்தக் கூடாது."

சூதாடக் கற்றுக்கொண்ட எனக்கு இவ்வளவு நேர்மை கிடையாது. வைத்திருந்தால் அந்தக் கை நான் சொல்ல நினைத்ததை எனக்குப் பதிலாகச் சொல்லியிருக்கும். சுலபமாக முடிந்திருக்கும். இனி யார் சொல்வது? சிப்புகளை வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு அக்காவை எழுப்பினேன்.

வெளியே கடற்கரையை ஒட்டிய மரப்பலகை நடைபாதை. மதிய வெயில் சுள்ளென்று இருந்தும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அங்கும் கூட்டம். தள்ளுவண்டியில் குழந்தைகள், பேரன் பேத்தியைப் பார்க்க வந்து ஸ்வெட்டரும் ஸ்னீக்கரும் போட்டு நடக்கிற நம்மூர் அப்பா அம்மாக்கள். நான் முன்னால் வேகமாக நடந்தேன். அக்கா என் வலது பக்கமாக ஓடி வந்து சேர்ந்துகொண்டார்.

"ஏன் வைக்கல?"

எல்லாவற்றையும் கொட்டினேன். கைராசி என்று எதுவும் இல்லை, நான் எண்ணுகிறேன், எண்ணினாலும் ஒரு கையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, பெரிய பந்தயம் வைக்கிற கைகளிலும் ஜெயிப்பதைவிடத் தோற்பதுதான் ஜாஸ்தி. ஏஸும் ராஜாவும், ஒன்றரை மடங்கும், மாதக் கணக்கும். கடலைப் பார்த்துக்கொண்டு, படபடவென்று, யாரையோ திட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா இடது காதின் பின்னால் கையைக் குவித்து வைத்திருந்தார்.

"ஒண்ணும் கேக்கல" என்றார். "காத்து."

காலையிலிருந்தே இப்படித்தான். காரிலும், மேஜையிலும், இங்கேயும் நான் அவருடைய அந்தக் காதுப் பக்கமாகவே இருந்திருக்கிறேன். மேஜையில் எனக்குக் கடைசி நாற்காலி வேண்டும் என்பதால் அவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை.  அக்கா என்னைச் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கமாக நடந்தார். அவருடைய நல்ல காது இப்போது என் பக்கம் இருந்தது.

"இப்பச் சொல்லு. மெதுவா."

மெதுவாகச் சொன்னேன். 

"அப்ப நீ எப்படித்தான் ஜெயிக்கற?"

"நிறைய தடவை வருவேன்கா. இன்னிக்குப் போனா அடுத்த வாரம் வரும். ரொம்ப நாள் ஆடினா சேரும்."

"எனக்கு ஒரே கைதானடி" என்றார்.

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். யாரோ பின்னாலிருந்து இடித்துவிட்டு 'சாரி' சொல்லிப் போனார்கள். இதற்கு என்னிடம் எண்ணிக்கை ஏதும் இல்லை. டாக்டர் சொன்னதுதான் என்னிடம் இருந்தது. கட்டி வளர்கிறது, வளர வளர எடுப்பது கஷ்டம். மேஜையில் நான் உணர்ச்சியை நம்பி ஒரு தடவைகூட வைத்தவள் இல்லை.

"நீயா இருந்தா என்ன பண்ணுவ?" என்றார் அக்கா.

"பண்ணிப்பேன்கா. பயந்துக்கிட்டேதான் பண்ணிப்பேன். ஆனா பண்ணிப்பேன்."

"தோத்தா?"

"உங்க பக்கத்துல இருப்பேன். வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு?"

 அக்கா பசிக்கிறது என்றார். பீட்சாத் துண்டு வாங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காரில் அவர் பின் சீட்டில், எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அங்கே இருந்தால் வலது காது நடுவில் இருக்கும், நான் பேசுவது கேட்கும் என்று அவரே கண்டுபிடித்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம், சர்ஜரியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

திங்கட்கிழமை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். சரி என்று சொன்னதாக எனக்கு ஒரு வாட்ஸப் வந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்குத் தூக்கம் போனது. நானல்லவா சொன்னேன்? வாய் கோணிப்போனால் அதை வாழ்நாள் முழுக்க எதிர் வாசலில் பார்க்கப் போகிறவள் நான். அவருடைய கணவர் ஃபிரிஸ்கோவிலிருந்து வந்து, "நல்ல டிசிஷன், தேங்க்ஸ்ங்க" என்று என்னிடம் சொன்னபோது அவரைப் பிடித்துத் தள்ளத் தோன்றியது. அந்த வாரங்களில் நான் அட்லாண்டிக் சிட்டி போகவில்லை. போனாலும் எண்ண முடிந்திருக்காது.

ஆபரேஷன் அன்று காத்திருக்கிற அறையும் நிறைந்திருந்தது. எங்களுக்கு முன்னால் போனவர்களின் வீட்டார் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், புதிதாக வந்து உட்கார்ந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் வந்து கட்டியை எடுத்தாயிற்று என்றார். முகத்தைப் பற்றிக் கேட்டேன். முழுக்க விழித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்.

மறுநாள்தான் என்னை உள்ளே விட்டார்கள். அக்கா தலையில் பெரிய கட்டோடு, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மெஷின்கள். நான் இடம் இருந்த பக்கத்தில் போய் நின்று, "அக்கா" என்றேன். அசைவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். இல்லை.  குனிந்து அவர் கையைத் தொட்டேன்.

கண் திறந்தது. என்னைப் பார்த்தார். ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி, அந்தப் பக்கம் வா என்று சைகை காட்டினார். நான் மெஷின்களின் வயரையெல்லாம் தாண்டிப் போய் அவருடைய வலது பக்கம் நின்றேன்.

"வலிக்குதாக்கா?"

அக்கா சிரித்தார். வலது உதடு முதலில் போனது. நான் இடது பக்கத்தைப் பார்த்தபடி நின்றேன். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.